வாகனக் கொட்டகையில் எலி

கெடா மாநிலத்துக்கு மலாய் மொழியில் 'ஜெலாப்பாங் பாடி' என்றொரு சிறப்புப் பெயர் உண்டு. நெற்களஞ்சியம் என்பது அதன் பொருள். நெல் இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தமிழ்ப் புலவர்கள் இதனை மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து நோக்கியிருக்கின்றனர். புறநானூற்றின் 190ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன், விளைந்த கதிரைக் கொண்டுபோய்த் தன் வளை நிறைய அடைத்து வைக்கும் எலியைக் காட்டி, அதனை ஒத்த சிறுமுயற்சியுடையாரின் நட்புத் தனக்கு வேண்டா என்கிறான். வகுப்பறையில் இப்பாட்டு நடக்கும்போது, பின்னால் வரும் புலியின் பெருமிதத்திலேயே ஆசிரியரும் மாணவரும் தங்கிவிடுவது வழக்கம். எலி கேட்பாரற்றுக் கிடக்கும். ஆயினும் எலியின் இயல்பைப் புலவனின் கண் பிழையின்றிக் கண்டிருக்கிறது. எலி உண்பதற்கு மட்டும் வருவதில்லை. தங்குவதற்கும் சேர்த்து வைப்பதற்கும் வருகிறது.

கெடாவின் வயல்களில் இவ்வுண்மை பெருங்கணக்கில் மெய்யாயிற்று. மூடா, பெடு ஆகிய இரண்டு அணைகளின் நீரைக் கொண்டு, கெடாவிலும் பெர்லிசிலுமாக ஏறத்தாழ ஓர் இலட்சம் ஹெக்டேர் நிலம் பாசனம் பெற்றது. அதனைப் பேணுவதற்காக 'மாடா' எனப்படும் மூடா வேளாண்மை வளர்ச்சி வாரியம் 1970இல் நிறுவப்பட்டது. ஒரு போகம் விளைந்த நிலம் இரு போகம் விளைந்தது. உழவருக்கு இரு போகம் என்றால் எலிக்கும் இரு போகந்தான். அங்கு வாழும் வயலெலியின் அறிவியற் பெயர் 'வெள்ளி வயிறுடையது' என்னும் பொருள் தருவது. நெற்பயிர் பொதி கட்டிக் கதிர் ஈனும் பருவத்தை ஒட்டியே இதன் பெண் சூல் கொள்கிறது. சூற்காலம் மூன்று வாரமே. அடுத்தடுத்த வயற்காரர்கள் ஒரே காலத்தில் நட்டு ஒரே காலத்தில் அறுத்தால், எலிக்கு விருந்து சில வாரங்களில் முடிந்துவிடும். ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் நட்டாலோ, ஒரு பந்தி எழுமுன் மறு பந்தி விரிக்கப்படும். எலியின் தொகையைத் தீர்மானிப்பது அதற்குக் கிடைக்கும் உணவே என்பது இதனால் விளங்கும்.

வயலெலியின் செய்தி, பட்டணத்து வீட்டின் வாகனக் கொட்டகைக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். இடம் வேறு, எலியினமும் வேறு, கணக்கு ஒன்றே.

தோட்டப்புறத்து வாழ்வை அறிந்தவர்கள் இதனை எளிதில் ஒப்புக்கொள்வர். பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த நாள்களில், நிரையில் எலியின் உணவாக ஒன்றும் பெரிதாக இல்லை. எலி வந்தால் லயத்துக்குத்தான் வரவேண்டும். லயத்திலோ ஒரு வாரத்துக்கு மேற்பட்ட அரிசி பெரும்பாலும் இராது. இருந்த அரிசியும் இறுக்க மூடிய தகர டின்னுக்குள் இருக்கும். மீந்த குழம்பும் கருவாடும் உத்திரத்திலிருந்து தொங்கும் உறியில் ஏறிவிடும். உறி என்பது ஏழ்மையின் அடையாளம் என்று இக்காலத்துப் பிள்ளைகள் எண்ணுகின்றனர். உண்மையில் அது, எலியின் வழியை அறிந்தவர்கள் கண்டுபிடித்த ஒரு கருவி. மூடிய டின்னையும் தொங்கும் உறியையும் விடச் சிறந்த எலித்தடுப்பை எந்த நிறுவனமும் இதுவரை விற்கவில்லை.

பின்னர் ரப்பர் மரங்கள் வீழ்ந்து, பல தோட்டங்களில் செம்பனை எழுந்தது. செம்பனை எலிக்கு வரப்பிரசாதம். பழுத்த குலை, உதிர்ந்த பழம், ஒளிந்துகொள்ள வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் என யாவும் அங்கே உண்டு. செம்பனையின் மகரந்தச் சேர்க்கைக்கென்று 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சிறு வண்டினம் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவ்வண்டின் புழுக்களையும் ஆண்பூக் கதிர்களில் தேடித் தின்ன எலி கற்றுக்கொண்டது. இவ்வெலி செம்பனைக் காட்டின் எலி. வெள்ளி வயிற்று வயலெலி அன்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ் முதலிய ஊர்களின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். வாழ்வு சற்றே உயர்ந்தது. வீட்டின் முன்புறம் காடி நிற்க ஒரு கூரை. பின்பு அதற்குச் சுவர். பின்பு இரும்புக் கதவு. இவ்வாறு பிறந்ததே வாகனக் கொட்டகை. பெயர் வாகனத்துக்கு, உள்ளே வாழ்பவையோ வேறு.

சுங்கைப் பட்டாணித் தாமான் ஒன்றில் வாழும், பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் கொட்டகை இதற்கு நல்ல சான்று. இவர் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பாட்டியின் உறியைத் தம் கண்ணால் கண்டவர். ஆயினும் அவர் கொட்டகையில் இருந்தவற்றைப் பாருங்கள்: பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் இரண்டு, மூடியில்லாத வாளியில் கோழித் தீவனம், தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய நிலக்கடலை, முப்பது ஆண்டுகளாகத் திருத்திச் சேர்த்து எறிய மனம் வராத கட்டுரைப் பயிற்சி ஏடுகள், பழைய மெத்தை ஒன்று. உணவு, கூடு கட்டத் தாள், படுக்கப் பஞ்சு ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ்! அழைப்பிதழ் அச்சடித்து அனுப்பியிருந்தாலும் எலிக்கு இதைவிடத் தெளிவாகச் செய்தி சென்றிராது.

ஒரு நாள் காலை காடி கிளம்பவில்லை. பட்டறைக்காரர் முன்மூடியைத் திறந்து காட்டினார். மின்கம்பிகள் மூன்று அறுந்திருந்தன. காற்று வடிகட்டியின் பெட்டிக்குள் ஏட்டுத் தாள் நார் நாராகக் கிழிக்கப்பட்டு ஒரு கூடு கட்டப்பட்டிருந்தது. கட்டுரை ஏட்டின் சிவப்பு மை அதில் இன்னும் தெரிந்தது. கம்பியில் எலிக்கு என்ன சுவை என்று ஆசிரியர் வியந்தார். சுவை முதற்காரணம் அன்று. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கடித்துத் தேய்க்காவிடில் அவை நீண்டு வாயையே அடைத்துவிடும். ஆகவே மரம், சோப்பு, ஈயக் குழாய், கம்பியின் உறை என எதிர்ப்பட்டதையெல்லாம் அது கடிக்கிறது. இரவில் வந்து நின்ற காடியின் எந்திரமோ சில மணி நேரம் இளஞ்சூட்டோடு இருக்கும். கூடு கட்ட அதைவிட நல்ல இடம் ஏது?

ஈண்டு ஒரு சிறு விலக்கம் தேவை. கொட்டகையில் ஓடும் யாவும் எலி அல்ல. நீண்டு கூரிய மூக்கும் கடுநாற்றமும் உடைய மூஞ்சூறு, எலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. மலாய்க்காரர் அதனைச் 'செஞ்சுருட்' என்பர். அது கரப்பானையும் புழுபூச்சிகளையும் தின்பது, கம்பியைக் கடிப்பதன்று. அடுத்து, சிறியதெல்லாம் சுண்டெலி என்று கொள்வதும் தவறு. உடலுக்குப் பொருந்தாத பெரிய தலையும் பெரிய பின்னங்கால்களும் தெரிந்தால் அது வீட்டெலியின் குட்டி. எச்சத்தைக் கொண்டும் இவற்றைப் பிரித்தறியலாம். சுண்டெலியின் எச்சம் அரிசிக் குறுணை அளவினது. வீட்டெலியினது அதனினும் இரு மடங்குக்கு மேல் நீண்டது. இப்பிரிவு வெறும் ஏட்டறிவு அன்று. சுண்டெலி புதுப்பொருளைக் கண்டால் ஆவலோடு அணுகும். வீட்டெலியோ புதிதாக எது வைக்கப்பட்டாலும் சில நாள் அஞ்சி ஒதுங்கும். முதல் நாளே பொறியைப் பூட்டி வைத்துவிட்டு, 'இந்த எலிக்குப் பொறி தெரிந்திருக்கிறது' என்று சலித்துக்கொள்பவர்கள் இவ்வேறுபாட்டை அறியாதவர்கள்.

ஆசிரியரும் அவ்வாறே சலித்தார். கடைக்குச் சென்று நீலநிறக் கட்டிகளாக விற்கும் நஞ்சை வாங்கி மூலைக்கு மூலை வைத்தார். கட்டிகள் மறைந்தன. ஐந்தாம் நாள் முடைநாற்றம் எழுந்தது. எலி எங்கே செத்தது என்று கண்டுபிடிக்க அட்டத்தின் பலகை இரண்டைப் பெயர்க்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பூனை சோர்ந்து படுத்து, ஈறில் குருதி கசிய இறந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று உறுதியாகக் கூற எவரும் அதனை அறுத்துப் பார்க்கவில்லை. ஆயினும் அப்பூனை இறந்த விதம், அந்நஞ்சு கொல்லும் விதத்தை ஒத்திருந்தது.

அந்நஞ்சின் வரலாறு மாணவர் அறியத் தக்கது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் குருதி நில்லாமல் இறந்தன. 1933இல் ஓர் உழவர், உறையாத குருதி நிறைந்த பாத்திரத்தோடு கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாரின் ஆய்வகத்துக்கு வந்தார். அங்குத் தொடங்கிய ஆய்வு, குருதியை உறையவிடாத பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த 'வார்ஃபரின்' 1948இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. குருதி உறைவதற்கு வேண்டிய உயிர்ச்சத்து கே உடலில் பயன்படாதவாறு அது தடுக்கிறது. அதே பொருள் 1950களில் மனிதருக்கு மருந்தும் ஆயிற்று. இன்றும் இதய நோயாளர் பலர் அதனை உட்கொள்கின்றனர். காலப்போக்கில் அதனைத் தாங்கும் எலிகள் தோன்றின. அவற்றை வெல்ல, 'புரோடிஃபக்கூம்' போன்ற இரண்டாம் தலைமுறை நஞ்சுகள் ஆக்கப்பட்டன. இவை ஒரே வேளை உணவில் கொல்ல வல்லவை. ஆனால் எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரியும். நஞ்சோ அதன் ஈரலில் நெடுநாள் தங்கும். தளர்ந்த எலியைப் பிடிப்பது எளிது. பிடிப்பது யார் என்பதே கேள்வி.

பூனை ஒன்று. மற்றொன்று கூகை.

வெண்முகமும் இதயம் போன்ற முக வடிவும் உடைய இக்கூகை, மலேசியத் தீபகற்பத்தில் ஒரு காலத்தில் அரிய பறவையாக இருந்தது. செம்பனைத் தோட்டங்கள் பெருகிய பின், 1960களின் இறுதியில்தான் அது இங்கே கூடு வைத்துப் பெருகத் தொடங்கியது. அது கக்கும் உருண்டைகளைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், அவற்றில் பெரும்பாலும் எலியின் எலும்பும் மயிருமே கண்டனர். ஓர் இணை தன் குஞ்சுகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை உண்ணும். செம்பனையில் பழைய மரப்பொந்து இல்லை. ஆகவே கம்பத்தின் மேல் மரப்பெட்டிகளை நிறுத்தினால் கூகை குடியேறும் என்று கண்டு, தோட்டங்கள் அவ்வாறே செய்தன. நெல்வயல்களிலும் இம்முறை பரவியது. மலாய் மொழியில் இப்பறவையின் பெயர் 'புங்குக் ஜெலாப்பாங்'. களஞ்சியத்து ஆந்தை என்பது பொருள். கெடாவுக்கு வழங்கும் சிறப்புப் பெயரின் அதே சொல்!

நம்மவர் அதற்கு இட்ட பெயரோ சாக்குருவி. அது அலறினால் வீட்டில் சாவு விழும் என்று நம்பி, தோட்டப்புறத்தில் கல்லெறிந்து விரட்டியவர்கள் பலர். உழவனின் நெல்லையும் தோட்டத்தின் குலையையும் காவல் காக்கும் பறவைக்கு இப்படி ஓர் அவப்பெயர் வந்தது வருந்தத்தக்கது. கல்லெறிந்தவர்கள் கொன்றதைவிட நஞ்சு கொன்றது மிகுதி. வார்ஃபரினை விட்டு இரண்டாம் தலைமுறை நஞ்சுக்கு மாறிய செம்பனைத் தோட்டத்தில் கூகைகளின் தொகை விரைவாகச் சரிந்ததாக 1980களின் தொடக்கத்திலேயே பதிவாயிற்று. கூகை மறைந்தால் அடுத்த தலைமுறை எலிக்கு எதிரி இல்லை. மீண்டும் நஞ்சு வாங்க வேண்டும். தாமானின் வேலிக்கு அப்பால் செம்பனையோ வயலோ உள்ள ஊர்களில், கொட்டகையில் வைக்கும் ஒரு கட்டியும் இக்கணக்கில் சேர்ந்ததே.

ஆசிரியரின் அண்டை வீட்டார் பழைய செம்பனைத் தோட்டத்து மண்டோர். பூனை போன துயரத்திலும் அவர் சினம் கொள்ளவில்லை. கொட்டகையை ஒருமுறை சுற்றி வந்தார்.

"வாத்தியாரய்யா, ஓட்டையை விட்டுவிட்டு எலியை அடிக்கிறீர்களே! இன்று நாலு செத்தால் நாளைக்கு எட்டு வருமே."

"கதவெல்லாம் இரும்பு, மண்டோரே. எலி எதன் வழியாக வரும்?"

மண்டோர் தம் சுண்டுவிரலைக் கதவின் அடியில் நுழைத்துக் காட்டினார்.

சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு பென்சில் நுழையும் துளை அது. வளர்ந்த எலிக்கும் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் இருந்தால் போதுமானது. தலை நுழைந்தால் உடல் நுழையும். கொட்டகையில் அத்தகைய வழிகள் ஐந்து இருந்தன: கதவின் அடி, தண்ணீர்க் குழாய் சுவரில் புகும் இடம், மின்கம்பி ஏறும் துளை, கூரைத் தகடு அலையலையாகச் சுவரைத் தொடும் விளிம்பு, வடிகால் வாய். கடைசி இரண்டை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டெலி ஏறுவதில் வல்லது. உடலினும் நீண்ட அதன் வால், கம்பியின் மேல் நடக்கும் கழைக்கூத்தனின் கோல் போன்றது. கூரையைத் தொட்டு வளர்ந்த ஒரு மாங்கிளை, எலிக்கு இராசபாட்டை.

அடைப்பதற்கு முன் துப்புரவு வேண்டும். இதில்தான் உயிருக்கே ஆபத்து உள்ளது. எலியின் சிறுநீரில் வாழும் ஒரு நுண்கிருமி, ஈரத்தின் வழியே மனிதரின் கீறலிலும் கண்ணிலும் வாயிலும் புகுந்து காய்ச்சலை உண்டாக்கும். முற்றினால் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பழுதுபடும். மலாயாவில் இந்நோயை 1925இல் மருத்துவர் ஃபிளெட்சர் முதன்முதலில் பதிவு செய்தார். மக்கள் வழக்கில் 'கென்சிங் தீக்குஸ்' நோய் எனப்படுவது இதுவே. வயலிலும் தோட்டத்திலும் வடிகாலிலும் உழைப்பவர்களே இதற்கு மிகுதியும் ஆளாகின்றனர். எச்சம் கிடந்த தரையைக் காய்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்குவது நம் வழக்கம். அது தவறு, தூசியோடு கிருமிகள் மூச்சில் ஏறும். வெளுப்பு நீரைத் தண்ணீரில் கலந்து தெளித்து, சற்றுப் பொறுத்து, கையுறை அணிந்து ஈரமாகத் துடைத்தெடுக்க வேண்டும். காலில் புண் உள்ளவர் வெறுங்காலோடு அங்கே நிற்கலாகாது. இவ்வாறு துப்புரவு செய்த பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், மருத்துவரிடம் எலியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிடில் அவர் டெங்கி என்று எண்ணக்கூடும்.

ஆசிரியரும் மண்டோரும் ஒரு ஞாயிறு முழுதும் உழைத்தனர். குழாயைச் சுற்றிய துளையில் பாத்திரம் துலக்கும் எஃகுக் கம்பிப் பஞ்சைத் திணித்து, மேலே சிமெந்து பூசினர். வெறும் சிமெந்தை ஈரம் காயுமுன்பே எலி சுரண்டிவிடும். கூரை விளிம்பில் கால் அங்குலக் கண்ணுடைய கம்பி வலை. கதவின் அடியில் தகட்டுப் பட்டை. மாங்கிளை வெட்டப்பட்டது. அரிசியும் கடலையும் மூடியுள்ள தகரப் பீப்பாய்க்குள் புகுந்தன. பயிற்சி ஏடுகளைப் பற்றி மட்டும் நீண்ட வழக்கு நடந்தது. ஆசிரியரின் துணைவியார் தீர்ப்பு வழங்கினார். ஒரு கட்டு தங்கியது; மற்றவை பழைய தாள்காரருக்குப் போயின.

உள்ளே அடைபட்டவற்றுக்குத்தான் பொறி. எலி திறந்த தரையின் நடுவே நடப்பதில்லை. சுவரை மீசை தொட ஓடுவதே அதன் இயல்பு. அவ்வழியில் அதன் உடலின் எண்ணெய் பட்டுச் சுவரில் கரிய கோடு படியும். அக்கோட்டைக் கண்டறிந்து, பொறியின் வாய் சுவரைத் தொடும்படி குறுக்கே வைத்தனர். நான்கு நாள் பொறியைப் பூட்டாமலே கருவாட்டுத் துண்டு வைக்கப்பட்டது. முதல் இரவு தொடப்படவில்லை. மூன்றாம் இரவு கருவாடு மறைந்தது. ஐந்தாம் இரவு பூட்டினர், இரண்டு அகப்பட்டன. அடுத்த இரவு ஒன்று. பசையட்டையை வாங்கலாம் என்று கடைக்காரர் கூறியிருந்தார். அதில் ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பல்லியும் தேரையும் கூட ஒட்டும். மண்டோர் அதனை வேண்டா என்றார்.

எலி தீர்ந்ததா என்று அறிய ஆசிரியரின் துணைவியார் கூறிய வழி எல்லாவற்றினும் எளியது. மாலையில் சுவரோரம் மெல்லிதாகக் கோலமாவைத் தூவி வைத்தார். காலையில் வரிசையாகச் சிறு கால்தடங்களும், நடுவே வால் இழுபட்ட கோடும் தெரிந்தன. தடம் போன திசையில் பார்த்தால், தண்ணீர்ப் பீப்பாயின் பின்னால் ஆறாவது துளை! அதையும் அடைத்த பின் மூன்று காலைகள் மாவு கலையாமல் கிடந்தது. இப்போது மாதத்துக்கு ஒருமுறை மாவு தூவப்படுகிறது. கதவடித் தகட்டின் ஓரத்தில் புதிய பற்சுவடு உண்டா என்று ஆசிரியர் குனிந்து பார்க்கிறார். சென்ற முறை இரண்டு சுவடுகள் இருந்தன, வெளிப்புறத்தில்.